முகமிலிக் கணினியும் தமிழன் வீடும்

முகில் என்னும் சொல்தான் எத்துணை அழகியது! மலைமுகட்டில் தவழ்ந்து, நிறம் கறுத்து, கைம்மாறு கருதாது பொழிவது அது. அச்சொல்லையே பன்னாட்டு வணிகர் எடுத்துத் தம் கிடங்குகளுக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டனர். படங்களை முகிலில் வையுங்கள், மடல்களை முகிலில் வையுங்கள், நூல்களை முகிலில் வையுங்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்லத் தமிழனும் வைத்துக்கொண்டே இருக்கின்றான். வைத்த இடம் வானமன்று. எங்கோ வேலி சூழ்ந்த கட்டடத்துள் ஓடிக்கொண்டிருக்கும் பிறன் கணினி. அதன் திறவுகோல் பிறன் இடுப்பில் தொங்குகின்றது.

அங்கே வைக்கப்பட்டவை எவை? மொழிப்போர்க் காலத்துப் படங்கள், தனித்தமிழ் இதழ்களின் பழைய தொகுதிகள், மறைந்த அறிஞர்கள் மேடைகளில் ஆற்றிய உரைகளின் ஒலிப்பதிவுகள், ஊர் ஊராய்த் திரட்டிய வழக்குச் சொற்கள். வடசொல்லொன்றும் தம் எழுத்தில் புகாமல் ஐம்பது ஆண்டுகள் காத்தவர்கள், அவ்வெழுத்துகளை எல்லாம் அயலான் வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் அடுக்கியிருக்கின்றனர். குடிக்கூலியும் கேட்கவில்லையே என்று மகிழ்கின்றனர். கேட்காதவன் என்றைக்கும் கேட்கமாட்டான் என்று யார் சொன்னது?

நடந்தவை பல. சியோசிட்டீசு என்னும் இணையக் குடியிருப்பில் உலக மக்கள் ஆர்வத்தோடு அமைத்த பக்கங்களை யாகூ நிறுவனம் 2009 அக்தோபரில் ஒரே அடியாக மூடிற்று. அதே நிறுவனத்தின் மடற்குழுக்களில் உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர் ஆண்டுக்கணக்கில் மொழியும் இலக்கியமும் பேசினர்; 2019 இறுதியில் அக்குழுக்களின் பழைய மடல்கள் பார்வையிலிருந்து அகற்றப்பட்டன; 2020 திசம்பரில் குழுக்களே அறவே மூடப்பட்டன. கூகுள் பிளசு 2019 ஏப்பிரலில் மறைந்தது. கூகுளின் படக்கிடங்கு அளவில்லாமல் விலையின்றித் தந்த இடம் 2021 சூன் முதல் அளவுக்குட்பட்டது. இவற்றில் எதுவும் தமிழ்ப்பகையால் நேர்ந்ததன்று. வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி அடிக்கப்பட்டது, அவ்வளவே.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அக்கொடுமையோடு வணிகன் ஒருவன் கடை கட்டுவதை ஒப்பிடுவது தகாது. ஆயினும் அந்நெருப்பு விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அங்கே இருந்தன. அவை மீளவே இல்லை. அப்பாடத்தைக் கற்றவர் ஈழத்தமிழர். 2005இல் அவர்கள் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூல் திட்டம் அதன் பயன். தாய்த்தமிழகத்து இயக்கத்தாரோ இன்னும் தம் ஒரே படியை அயலான் கிடங்கில் வைத்துவிட்டு உறங்குகின்றனர்.

இந்நிலைக்கு மாற்று, உள்ளங்கை அகலமே உள்ள ஒரு சிறு பொறி.

திரையும் விசைப்பலகையும் சுட்டியும் பூட்டாமல், வீட்டின் மூலையொன்றில் மின்னிணைப்பும் வலையிணைப்பும் மட்டும் கொடுத்து இரவும் பகலும் ஓடவிடும் கணினியை ஆங்கிலத்தார் தலையற்றது என்னும் பொருள்படக் குறிப்பர். அதனை அப்படியே பெயர்த்துத் 'தலையில்லாக் கணினி' என்று எழுதுவோர் உளர். எண்ணிப்பாராத பெயர்ப்பு! தலை என்பது எண்ணும் உறுப்பு இருக்குமிடம். அப்பொறியில் எண்ணும் உறுப்பு நன்றாகவே இருக்கின்றது. இல்லாதது பிறர் பார்க்கும் முகம். ஆகவே முகமிலி என்பதே பொருந்தும். அது செய்யும் தொழிலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல், இலத்தீனில் அடிமையைக் குறித்த சொல்லின் வழிவந்தது. தமிழனோ அதற்கு வழங்கி என்று பெயரிட்டான். கேட்டவர்க்குக் கேட்ட கோப்பை எடுத்துத் தருவது ஏவலன் தொழில் என்று அவர்கள் கண்டனர். கொடையாளி தொழில் என்று தமிழ் கண்டது. இச்சொல்லை ஆக்கியவர் வாழ்க.

இத்தகைய பொறிகளுள் பலரும் அறிந்தது இராசுபெரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்சில், பள்ளிப் பிள்ளைகள் கணினியைப் பிரித்தும் பூட்டியும் கற்பதற்கென்று உருவாக்கப்பட்டு, திருவள்ளுவராண்டு 2043இல், அதாவது 2012 பிப்பிரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. முதற்பொறியின் விலை 35 தாலர். நீளம் 85 மி.மீ., அகலம் 56 மி.மீ. இதன் பெரும்பகுதி வேல்சு நாட்டில் ஓர் ஆலையில் செய்யப்படுகின்றது. ஆங்கிலத்தின் வாயிலிருந்து தம் மொழியைச் சிறிது சிறிதாக மீட்டு, 2011இல் அதற்கு ஆட்சிமொழி நிலையைச் சட்டத்தாலேயே பெற்ற மக்களின் நாடு அது என்பதைத் தமிழர் நினைவிற் கொள்ளுதல் நன்று.

செலவு பற்றி அஞ்சுவோர்க்குக் கணக்கு இது. நான்காம் தலைமுறைப் பொறி, வெளிவட்டு ஒன்றையும் சேர்த்து, பெரும்பாலான நேரம் 5 வாட்டு அளவே மின்னாற்றல் உண்ணும். நாள் முழுதும் ஓடினால் ஆண்டுக்கு 44 அலகுக்குள். ஈரிரண்டு திங்களுக்கு ஒருமுறை எடுக்கும் மின்கணக்கில் 7 அலகு. 100 வாட்டு உண்ணும் மேசைக்கணினி அவ்வாறே ஓடினால் ஆண்டுக்கு 876 அலகு. வீட்டு வழங்கிக்கு 2 கிகாபைட்டு நினைவகம் போதும். அதற்கு மேற்பட்டதை வாங்கச் சொல்பவர் கடைக்காரர்.

சிற்றூர் ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இப்பணியில் இறங்குவதாகக் கொள்க. அவர் முதலில் வேறொரு கணினியில் நினைவட்டையைச் செருகி, தெபியன் வழிவந்த இயங்குதளத்தின் சிறுவடிவை அதில் எழுதுகின்றார். சிறுவடிவு என்பது படத்திரை, சாளரம் முதலிய ஒப்பனைகள் இல்லாதது. முகமிலிக்கு ஒப்பனை எதற்கு? எழுதும் முன்பே அப்பொறிக்கு ஒரு பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், வீட்டு அருகலையின் பெயரும் கடவுச்சொல்லும், எந்நாடு என்பது ஆகியவற்றைக் குறித்துவிட வேண்டும். தொலைவிலிருந்து புகும் வழியாகிய எசு.எசு.எச்சைத் திறந்துவைக்கச் சொல்லும் கட்டத்தையும் குறித்தாக வேண்டும். அதனை மறந்தவர் முகமும் இல்லாத வாயிலும் இல்லாத பெட்டியை வைத்துக்கொண்டு விழிப்பர். முன்பு எல்லாப் பொறிக்கும் ஒரே பயனர் பெயரும் உலகறிந்த ஒரே கடவுச்சொல்லும் இருந்தன. பூட்டின் மேலேயே திறவுகோலைத் தொங்கவிட்ட அம்முறை 2022 ஏப்பிரலில் நீக்கப்பட்டது.

பொறிக்குப் பெயரிடும் இடத்தில் ஆசிரியர் 'அறிவகம்' என்று தமிழில் எழுதுகின்றார். பொறி ஏற்க மறுக்கின்றது. ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்து, பத்து எண், ஒரு சிறு கோடு, இவையன்றி வேறெதுவும் கூடாதாம். 1985இல் அமெரிக்க வலையமைப்பார் வகுத்து வைத்த வரம்பு இன்றும் உலகைக் கட்டுகின்றது. தன் வீட்டில், தன் பணத்தில், தன் கையால் அமைக்கும் பொறிக்குத் தன் மொழியில் பெயர் வைக்கத் தமிழனுக்கு உரிமையில்லை! இணைய முகவரிகளில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் ஈறுகள் வந்துவிட்டனவே எனலாம். வெளியே தமிழ், உள்ளே அவையும் எக்சு, என், இரு கோடுகள் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றப்பட்டே செல்கின்றன. தமிழ்நாடு என்னும் ஈறு அந்த வெளித்தோற்றத்தில்கூட இல்லை.

இதனினும் நுண்ணிய ஒரு வேற்றுமையைக் கேளுங்கள். இலினக்சு வட்டுகளில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் 'க'வுக்கு மூன்று. 'கி' என்றால் குறியும் சேர்ந்து ஆறு. ஆங்கிலன் 255 எழுத்தில் பெயர் வைக்கும் இடத்தில் தமிழன் ஐம்பது அறுபது எழுத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதழின் பெயர், ஆண்டு, திங்கள், கட்டுரைத் தலைப்பு, எழுதியவர் என்று நீளமாகப் பெயரிட்டு அடுக்குவோர் இச்சுவரில் முட்டிக்கொண்டே தீர்வர். ஒருங்குறி வந்துவிட்டது, இனி எல்லாம் நிகர் என்று பேசுவோர் இக்கணக்கைப் பார்ப்பது நலம்.

ஆனால் முகமில்லாமையே தமிழுக்கு நன்மையாய் முடிகின்ற விந்தையும் இங்கே உண்டு. திரை பூட்டிய இலினக்சு பொறியின் வெற்றுக் கட்டளைத்திரை, மிகுதியாகப் போனால் 512 எழுத்துருக்களையே தாங்கும். எழுத்தின் முன்னும் பின்னும் குறிகளை ஏற்றிக் 'கொ' என்று கோக்கத் தெரியாது. தெபியனை நிறுவும்போது தமிழ்மொழி வரைதிரையில் மட்டும் கிடைப்பதும் எழுத்துத்திரையில் கிடையாமையும் இதனாலேயே. முகமிலிக்கோ இத்தொல்லை இல்லை. அது தமிழைக் காட்ட வேண்டியதில்லை, காத்தால் போதும். எழுத்துரு, குறிகோத்தல் எல்லாம் பார்ப்பவரின் கணினியிலும் கைப்பேசியிலும் நடக்கும். தொலைவிலிருந்து புகும் கட்டளைச் சாளரத்தில் சில எழுத்துகள் இடம் பிறழக்கூடும். கோப்புறையாகத் திறந்தால் பிறழா. தமிழ் அறியாத பெட்டி தமிழை ஒரு புள்ளியும் சிதையாமல் வைத்திருந்து தருகின்றது. தமிழறிந்த பலர் செய்யாத வேலை இது.

நினைவட்டையைச் செருகி மின்னிணைப்புக் கொடுத்ததும், திசைவி அப்பொறிக்கு ஓர் எண் முகவரி அளிக்கும். அவ்வெண் நாளுக்கொன்றாய் மாறாதிருக்கத் திசைவியிலேயே அதனை நிலைப்படுத்திவிட வேண்டும். பின்னர் எசு.எசு.எச்சு வழிப் புகுதல். பின்லாந்து ஆய்வாளர் ஒருவர் தம் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவுபோனமை கண்டு 1995இல் ஆக்கிய முறை அது. செல்வதெல்லாம் கமுக்க எழுத்தாகவே செல்லும். புகுந்தவுடன் செய்யத்தக்கவை இரண்டு. மென்பொருள்களைப் புதுப்பித்தல் ஒன்று. கடவுச்சொல்லுக்கு மாற்றாகத் திறவி இணை ஒன்றை ஆக்கி, பொதுத்திறவியை வழங்கியிலும் தனித்திறவியைத் தம்மிடத்தும் வைத்து, திறவியால் புக முடிகின்றது என்று உறுதி செய்துகொண்ட பின் கடவுச்சொல் வாயிலை அடைத்துவிடுதல் மற்றொன்று. உறுதி செய்யுமுன் அடைத்தால் வீட்டுக்காரரே வெளியே நிற்பார்.

இனி அப்பெட்டி என்ன செய்யும்? வீட்டிலுள்ள எல்லாக் கணினிக்கும் பொதுவான கோப்பறையாக நிற்கும். அதற்கு உதவுவது சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருள். ஆத்திரேலிய மாணவர் ஒருவர் ஆக்கியது. பெயரைக் கேட்டதும் சம்பா நெல் நினைவுக்கு வரும், தொடர்பேதும் இல்லை. மின்வருடியில் எடுத்த பழைய இதழ்ப்பக்கங்களை இரவில் அதனிடம் விட்டுவிட்டால், தெசராக்டு என்னும் எழுத்துணரி அவற்றைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றும். விரைவு குறைவு, விடிவதற்குள் முடிந்தால் போதாதா? 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் வரும் பழைய றா, னா, ணை, லை வடிவங்களில் அது தடுமாறக்கூடும்; பிழைதிருத்தும் பணி மாந்தனுக்கே உரியது.

திசுக்கிக் குறியேற்றத்தில் தட்டெழுதப்பட்டு, இன்று திறந்தால் புரியாக் குறிகளாய்த் தோன்றும் கட்டுரைகள் எத்தனையோ வீடுகளில் பழைய வட்டுகளில் கிடக்கின்றன. தொலைந்தன என்றே பலர் விட்டுவிட்டனர். தொலையவில்லை. இலினக்சோடு வரும் ஐகான்வு என்னும் சிறு கட்டளைக்குத் திசுக்கி தெரியும்; ஒரு வரியில் ஒருங்குறியாக்கித் தந்துவிடும். வேறு தனியார் எழுத்துருக்களில் அடித்தவற்றுக்கு அவ்வாறு எளிய வழியில்லை. தனி மாற்றிகளைத் தேட வேண்டும். ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவே தமிழ் என்று இருந்த காலத்தின் தண்டனை அது.

இவை தவிர, 2003இல் தொடங்கி ஒன்றரை இலக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் கொண்டுள்ள தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்சு என்னும் மென்பொருள் வழி அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வலை அறுந்தாலும் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் படிப்பர். 1998 முதல் தொண்டர்கள் தட்டெழுதிவரும் மதுரைத் திட்டத்தின் இலக்கியங்களையும், தலைப்புக் குறிப்பை மாற்றாமல் வைத்து வழங்க இசைவுண்டு.

இடர்களை மறைத்துப் பேசுவது ஏமாற்றாகும். முதல் இடர் மின்வெட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால் நினைவட்டை கெடும். ஓயாமல் எழுதினாலும் தேயும். எனவே அரிய கோப்புகளை நினைவட்டையில் வைக்கலாகாது, யூ.எசு.பி. வழி இணைத்த திண்மநிலை வட்டில் வைத்தல் வேண்டும். சுழலும் பழைய வன்வட்டானால் அதற்குத் தனி மின்னூட்டம் தேவைப்படலாம். இன்னொரு செய்தி: நான்காம் தலைமுறை வரையிலான பொறிகளில் மின் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லை. வலையிலிருந்தே நேரம் அறியும். மின்னும் வலையும் ஒருங்கே போய், மின் மட்டும் மீண்டால் பொறி பழைய நேரத்திலேயே நின்று கோப்புகளுக்குத் தவறான நாள் இடும். 2023இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் கடிகாரம் உண்டு. அதற்குரிய சிறு மின்கலத்தைத் தனியே வாங்கிப் பூட்ட வேண்டும். அடுத்த இடர் ஆசை. ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று திசைவியில் வாயிலைத் திறந்துவிட்டால், உலகிலுள்ள கள்வர் பொறிகள் ஓயாது வந்து கதவைத் தட்டும். வீட்டு வழங்கி வீட்டுக்குள் இருக்கட்டும்.

பொறியும் அயலானுடையது, இயங்குதளமும் ஆங்கிலத்தது, இதில் தனித்தமிழுக்கு என்ன என்று கேட்பார் இயக்கத்திலேயே உளர். 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் முதல் நூலை அச்சிட்டவர் போர்த்துகீசியத் துறவியர். அச்சுப்பொறி அயலானுடையது என்று தள்ளியிருந்தால் தனித்தமிழ் இதழ் ஒன்றேனும் வந்திருக்குமா? அயற்சொல்லைத் தள்ளுவது தமிழில் அதற்குச் சொல் இருப்பதால். அயற்பொறியைத் தள்ளத் தமிழனிடம் மாற்றுப்பொறி இருக்க வேண்டும், இல்லை. இருக்கும் பொறிகளுள் தன் கட்டுக்குள் நிற்பது எது, பிறன் கட்டுக்குள் தன்னை நிறுத்துவது எது என்பதே கேள்வி. கட்டற்ற மென்பொருளின் உள்ளமைப்பைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், தமிழாக்கலாம். முகில் வணிகனிடம் அவ்வாறு கேட்டுப் பார்க்கட்டும்.

அப்பொறியை வாங்கவும் இயலாதவர் வீட்டுப் பரணைப் பார்க்க. 2011 முதல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையின்றிக் கொடுத்த இலக்கக்கணக்கான மடிக்கணினிகளுள் எத்தனையோ திரை உடைந்து கிடக்கின்றன. திரை உடைந்த மடிக்கணினியே ஆயத்தமான முகமிலி! வேறு திரையை ஒருமுறை இணைத்துத் தெபியனை நிறுவினால் போதும். மூடியை மூடினால் உறங்கிவிடும் அதன் பழக்கத்தை அமைப்புக் கோப்பில் ஒரு வரியால் மாற்றிவிடலாம். மின்வெட்டுக்கு அதன் மின்கலமே துணை. மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிட வேண்டும், அது தீப்பற்றும்.

மறைமலையடிகள் பல்லாவரத்தில் தம் வீட்டில் தம் பொருளில் நூல்களைச் சேர்த்தார். அந்நூல்களே 1958இல் சென்னையில் அவர் பெயரால் நூலகமாயின. இன்று இயக்கக் கிளை ஒவ்வொன்றும் ஒரு வழங்கி வைத்தல் வேண்டும். ஆயின் ஒன்று வைத்தால் அது மீண்டும் ஒரே படியாகவே முடியும். இரு கிளைகள் இணைந்து, ஒன்றன் படியை மற்றொன்று வைத்திருத்தலே காப்பு. சாம்பா ஆக்கிய அதே ஆத்திரேலியர் தம் நண்பரோடு 1996இல் வெளியிட்ட ஆர்சிங்கு என்னும் கட்டளை, மாறிய பகுதியை மட்டும் படியெடுக்கும். நூறு கிகாபைட்டில் பத்துப் பக்கம் புதிதென்றால் அப்பத்துப் பக்கமே நகரும். இரு ஊர்களை வலையால் இணைக்கத் தெரியாவிட்டாலும் கேடில்லை. திங்கள்தோறும் கூட்டத்துக்கு வருவோர் துணிப்பையில் ஒரு வட்டைக் கொண்டுவந்து, மற்ற ஊரார் வட்டை வாங்கிச் செல்லட்டும். வட்டின் மேல் ஊர்ப்பெயரையும் நாளையும் தமிழில் எழுதி ஒட்டலாம். அந்த இடத்தில் இருபத்தாறு எழுத்து வரம்பு இல்லை.